நாளைக்குக் காலை பத்து மணிக்குள்

என் ஆய்வு வழிகாட்டி என்னைவிட ஐந்து வயது இளையவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நரைத்த தலையும் கனத்த கண்ணாடியுமாக ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அவருக்குப் பயந்துதான் நான் அப்படி ராப்பகலாக எழுதித் தள்ளினேன் என்று நினைத்துவிடுவீர்கள். பயமெல்லாம் கிடையாது. வெறும் வீம்பு.

செம்பூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிஎச்.டி. இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டதால் நாற்பத்தாறு வயதில் பதிவு செய்தேன். பட்டம் வாங்கி, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மாட்டுங்கா நண்பர்கள் கேட்டார்கள். நாலு வார்த்தையில் முடிகிற கதை இல்லை இது. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்றும் எனக்குத் தெரியும். வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழிகாட்டியை இனிமேல் சார் என்றே சொல்கிறேன். பெயர் எதற்கு? மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். நல்ல மனிதர், நல்ல படிப்பாளி. அவரிடம் ஒரே ஒரு குறைதான். அவருடைய ஃபோன் மாலை நாலு மணிக்கு வரும்.

"மேடம், ஃப்ரீயா இருக்கேளா? நாளைக்குக் கார்த்தால பத்து மணிக்குள்ள ஒரு பத்துப் பக்கம் அனுப்பிச்சுடுங்கோ."

எதற்கு, யாருக்கு என்று சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். "சரி சார்" என்பேன். ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, எனக்கும் ஒரு சாயா சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவை அந்த ஃபோன் வந்தபோது நான் ஆய்வில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தாராவியில் வீட்டிலிருந்தே இட்லி செய்து விற்கும் குடும்பங்களின் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. நான் பிறந்து வளர்ந்ததே தாராவியில், கல்யாணமாகித்தான் செம்பூருக்குப் போனேன். அதனால் விஷயம் மண்டை நிறைய இருந்தது. தாளில் ஒரு வரியும் இல்லை. என்ன செய்வது? நூலகத்துப் புத்தகங்களை எல்லாம் விரித்துப் போட்டு, உழைப்பு என்றால் இன்னார் இப்படிச் சொல்கிறார், வீடு என்றால் இன்னார் அப்படிச் சொல்கிறார் என்று பத்துப் பக்கம் நிரப்பினேன். ஒன்பதே முக்காலுக்கு அனுப்பிவிட்டு, போருக்குப் போய் ஜெயித்து வந்தவள் மாதிரி வகுப்புக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து சார் அந்தப் பத்துப் பக்கத்தையும் என் முன்னால் வைத்தார். எங்கும் ஒரு குறிப்பும் இல்லை. ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சுற்றி மட்டும் பென்சிலால் ஒரு வட்டம். 'இட்லிக்காரரின் வீட்டில் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை, மாவைத்தான் பார்க்கிறார்கள்' என்ற வாக்கியம்.

"இது ஒண்ணுதான் உங்களோடது மேடம். பாக்கியெல்லாம் லைப்ரரியோடது. அங்கேயே திருப்பிக் கொடுத்துடுங்கோ."

கோபமாக வந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் கண் விழித்தவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வட்டத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். மனிதர் சொன்னதில் தப்பில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தாராவிக்குப் போய்விட்டு வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்ற மாட்டேன். வாசல் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். அதில் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததை, கேட்டதை ஒரு பக்கம் எழுதுவேன். எழுதி முடித்தபிறகுதான் செருப்பு, அப்புறம்தான் முகம் கழுவுவது, காப்பி எல்லாம். தாணேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சில நாள் எனக்கு முன்னாலேயே வந்துவிடுவார். "உள்ளே வர்றதுக்கு யாராவது அனுமதி கொடுக்கணுமா?" என்று கேலி செய்வார். செய்யட்டும். ஒரு வருடத்தில் அப்படி நூறு பக்கத்துக்கு மேல் ஒரு பெட்டியில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு மணிக்கு ஃபோன் வந்தால் எனக்குப் பதற்றமே கிடையாது. பெட்டியைத் திறந்து எட்டுப் பத்துப் பக்கத்தை எடுத்து, முன்பின் மாற்றி அடுக்கி, நடுவில் பாலம் போடுகிற மாதிரி நாலு வரி எழுதினால் கட்டுரை தயார். மாவு கையில் இருந்தால் யார் வந்தால் என்ன, வார்த்துப் போட வேண்டியதுதானே.

இந்த வழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது எனக்குக் கொடுத்த இன்னொன்றை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். தலைக்கனம்.

சார் மற்ற மாணவர்களிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். "மேடத்துக்கிட்ட நாலு மணிக்குச் சொன்னா பத்து மணிக்கு வந்துடும். நீங்களும் இருக்கேளே!" அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர்கள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்காரர்கள். பல் வலி, வைரஸ் காய்ச்சல், ரயில் ஓடவில்லை என்று கெடுவைத் தள்ளிப் போடுவார்கள். நான் மட்டும் பத்து மணி என்றால் ஒன்பதரைக்கே அனுப்புவேன். எதற்காகக் கேட்கிறார் என்று கேட்டால் என் மவுசு குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு கிறுக்கு.

இப்போது இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசக்கி என்பது அவளுடைய உண்மையான பெயர்தான். ஏன் மறைக்கவில்லை என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தாராவியில் அவள் இருந்த சந்தில் பதினோரு வீட்டில் இட்லித் தொழில். பகலில் அரிசியும் உளுந்தும் ஊறும், மத்தியானம் அரைப்பார்கள், விடிவதற்கு முன் அவிப்பார்கள், ஆண்கள் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு விற்கப் போவார்கள். அரைப்பது மட்டும் பதினோரு வீட்டுக்கும் ஒரே இடத்தில். கீழே ஒரு மாவு மில், அதற்கு மேலே ஒரு அறை. அறைக்குப் போக வெளியே ஓர் இரும்பு ஏணி, பச்சைப் பெயிண்ட் அடித்தது. மேலே நாலு பெரிய கிரைண்டர்கள். அந்த அறையை நடத்துகிறவள் இசக்கி. மாடி அறையில் அவ்வளவு பெரிய கிரைண்டர்களை ஓட்ட அனுமதி கிடையாது. சந்தில் எல்லோருக்கும் அது தெரியும், வெளியே யாரும் பேச மாட்டார்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து கிரைண்டர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கே பதினோரு வீட்டில் அடுப்பு அணைந்துவிடும்.

பல மாதம் போய்ப் பழகிய பிறகுதான் இசக்கி என்னை அந்த ஏணியில் ஏற்றினாள்.

"அக்கா, பேரு மட்டும் போடப்பிடாது, பாத்துக்கிடுங்க."

"போட மாட்டேன் இசக்கி. சத்தியமா."

போடவும் இல்லை. அவளுக்கு லட்சுமி என்று பெயர் வைத்தேன். வயதை மாற்றினேன். சந்தின் பெயரை எடுத்துவிட்டேன். ஆய்வு நெறிமுறையில் என்னென்ன மறைக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனையையும் மறைத்தேன்.

ஜூலை மாதம், நல்ல மழை. ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு சாரின் ஃபோன். "மேடம், இட்லிக்காராளைப் பத்தி ஒரு பன்னெண்டு பக்கம். நாளைக்குக் கார்த்தால பத்து மணிக்குள்ள." வழக்கம்போல "சரி சார்". அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து பன்னிரண்டு பக்கத்தை அடுக்கி, தட்டச்சு செய்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடம் முன்னதாக! எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

பன்னிரண்டு மணிக்கு எனக்கு வரவேண்டிய புத்தகப் பார்சலைக் கொண்டுவந்த ஆள் வழி தெரியாமல் ஃபோன் செய்தான். கல்லூரியின் முழு முகவரியும் பார்சல் மேலேயே இருந்தது.

"மேடம், அட்ரஸ் ரெஹனே தோ. லேண்ட்மார்க் போலோ." முகவரி கிடக்கட்டும், ஏதாவது அடையாளம் சொல்லுங்கள் என்கிறான்.

"பெட்ரோல் பம்ப் கே சாம்னே, லால் கேட்" என்றேன், பெட்ரோல் பம்புக்கு எதிரே சிவப்பு கேட். "ஹான், சமஜ் கயா", புரிந்துவிட்டது என்று அடுத்த நிமிடம் வந்து நின்றான்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பச்சை ஏணி.

தாராவியில் யார் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு போகிறார்கள்? பெயரைக் கேட்டுத்தான் யார் போகிறார்கள்? நான் அங்கேயே வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டுமென்றால் பிள்ளையார் கோயில், அதைத் தாண்டி உடைந்த குழாய், அதற்கு எதிர் வீடு என்றுதான் சொல்வோம். எங்கள் அப்பா பெயரைச் சொன்னால் பக்கத்துச் சந்திலேயே ஒருத்தருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நான் பெயரை மறைத்துவிட்டு அடையாளத்தை அப்படியே விட்டிருக்கிறேன். மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் பக்கம். 'மாவு மில்லின் மேலே, பச்சை நிற இரும்பு ஏணி ஏறிச் செல்லும் அறையில், நான்கு பெரிய கிரைண்டர்கள்.' செருப்பைக் கழற்றாமல் எனக்காக நான் எழுதிவைத்த குறிப்பு அது. அடுக்கும் அவசரத்தில் அப்படியே உள்ளே போய்விட்டது. பதறிய காரியம் சிதறும் என்பார்கள். எனக்குப் பதற்றம் இல்லாததாலேயே சிதறிவிட்டது.

சாருக்கு ஃபோன் செய்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"சார், இன்னிக்கு அனுப்பின கட்டுரை எதுக்கு?"

"சொல்லலையா நான்? இன்னிக்கு ரெண்டரை மணிக்கு மீட்டிங் மேடம். வீட்டிலேர்ந்து தொழில் பண்றவாளுக்கு என்ன உதவி செய்யலாம்னு. வார்டு ஆபீஸ்லேர்ந்துகூட ரெண்டு பேர் வரா. உங்க கட்டுரையை வெச்சுண்டுதான் பேச்சே. நாப்பது காப்பி போட்டாச்சு. ஃபர்ஸ்ட் கிளாஸா வந்திருக்கு."

உங்களிடம் மறைக்கவில்லை, ஃபோனைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் வேறு மாதிரியும் யோசித்தேன். பன்னிரண்டு பக்கத்தில் மூன்றாம் பக்கத்தை எவன் உட்கார்ந்து படிக்கப் போகிறான்? படித்தாலும் ஏணியைத் தேடிக்கொண்டு போவானா? பேசாமல் இருந்துவிட்டால் என்ன? நான் பேசாமல் இருந்தால் சாருக்கும் நல்லது, எனக்கும் நல்ல பெயர். இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். அந்த நேரத்தில் நல்லவர், கெட்டவர் என்றெல்லாம் யாரும் கிடையாது, வாயைத் திறக்கிறோமா இல்லையா என்பதுதான் உண்டு.

"சார், மூணாம் பக்கம் வெளியே போகக் கூடாது" என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

சாரின் குரல் உயர்ந்தது. "இப்பச் சொல்றேளே மேடம்! நாற்காலி நாற்காலியா வெச்சாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"முழுக் கட்டுரையையும் எடுத்துடுங்க சார். எழுதினவ தப்புப் பண்ணிட்டான்னு என் பேரைச் சொல்லிடுங்க."

"வாங்கோ" என்றார். "அந்தத் தாளை மட்டும் கையாலதான் பிச்சு எடுக்கணும்."

பன்னிரண்டரை மணி வகுப்பை ரத்து செய்துவிட்டு ஓடினேன். ஆட்டோ சயான்வரைதான் போகும். அங்கே கொட்டுகிற மழையில் இறங்கி டாக்ஸிக்குக் காத்து நின்று, சாரின் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால். துறை உதவியாளர் சந்தா தாயி ஏற்கெனவே பிரதிகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து தரையில் குவித்திருந்தார். சார் சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்டேப்பிள் பிடுங்கிக்கொண்டிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். மூன்றும் நாலும் ஒரே தாளின் இரண்டு பக்கம். பிடுங்குவது, அந்தத் தாளை உருவுவது, மறுபடி ஸ்டேப்பிள் அடிப்பது என்று மூன்று பேருமாகச் செய்தோம். சந்தா தாயி உருவிய தாள்களை எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"மேடம், ஏக் கம் ஹை."

முப்பத்தொன்பதுதான் இருந்தது. முன்னாடியே வந்த மூன்று பேர் சாயா குடித்துவிட்டு வெளியே போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எடுத்திருக்கலாம். யார் என்று எப்படிக் கேட்பது? கேட்டால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று படிக்காதவரும் படித்துவிடுவார்.

கூட்டம் தொடங்கியதும் சார் எழுந்து, "ஒரு தாளை நீக்கியிருக்கிறோம், அதில் எங்கள் பக்கம் ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அன்று அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. நான் மட்டும் பேச்சைக் கேட்கவே இல்லை. யார் கையில் அந்தத் தாள் உருவாத கட்டுரை இருக்கிறது என்று ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாவது பிரதி கண்ணில் படவில்லை.

நாலு மணிக்குக் கூட்டம் முடிந்தது. "ஒரு காப்பிதானே மேடம். யார் படிக்கப் போறா? விடுங்கோ" என்றார் சார். மத்தியானம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது அதைத்தானே.

"நான் தாராவிக்குப் போறேன் சார்."

"போய்?"

"அவகிட்ட சொல்லப் போறேன்."

மேலே அறையில் இசக்கி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, நனஞ்சுட்டு வந்திருக்கிய?" என்று துண்டை நீட்டினாள். துண்டை வாங்கிக்கொள்ளாமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தன பேருகிட்ட இருக்கு?"

"ஒருத்தர்கிட்ட."

"யாரு?"

"தெரியல."

"ஒங்கள நம்பித்தானக்கா ஏணில ஏத்துனேன்."

அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். தப்புப் பண்ணினவள் அழுதால் ஏமாந்தவள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இசக்கி வாசலுக்குப் போய்க் கீழே குனிந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஏளா, எல்லாரையும் வரச் சொல்லு. மிஷினை எறக்கணும்."

மறுநாள் காலை கயிறு கட்டி நாலு கிரைண்டரையும் அந்த ஏணி வழியாகவே இறக்கினார்கள். நாலு வீட்டின் தரைத்தளத்தில் ஒன்றொன்றாக வைத்தார்கள். படுக்கிற இடத்தில் கிரைண்டர் ஏறிக்கொண்டது. பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து படித்தார்கள். பெண்கள் அரிசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார்கள். அத்தனையும் நான் அனுப்பிய அந்த ஒரு வாக்கியத்தால். எட்டாம் நாள் வார்டு ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் பச்சை ஏணி எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஏறிப் பார்த்தார்கள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய்விட்டார்கள். நாற்பதாவது பிரதியைப் படித்துவிட்டு வந்தார்களா, மழைக்காலத்துச் சோதனைக்கு வந்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். அங்கே கிரைண்டர் ஓடலாமா கூடாதா என்பது வேறு கேள்வி. நம்பிச் சொன்னதைப் போட்டுக் கொடுப்பது ஆய்வாளரின் வேலை இல்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க இசக்கி என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரம் அவளே ஃபோன் செய்தாள்.

"அக்கா, இனிமே என்னத்த எழுதுனாலும் எங்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வெளிய போவணும். சம்மதமா?"

"சம்மதம். எப்போ வரட்டும்?"

"அரிசி ஊறுதப்ப வாங்க. பதினொண்ணுலருந்து ரெண்டு வரைக்கும். மத்த நேரம் எனக்குத் தல சொறிய நேரங் கெடையாது."

அப்படித்தான் தொடங்கியது. ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்ததை வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அவள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். முதல் நாளே அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டாள்.

"பக்கத்துக்குப் பக்கம் நாங்க கஷ்டப்படுதோம்னு எழுதிருக்கிய. நாங்க தொழிலு பண்ணுதோம்னு எங்க எழுதிருக்கிய?"

தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. ஒரு அத்தியாயத்தையே திருப்பி எழுதினேன். என் தேர்வாளர்கள் பிற்பாடு பாராட்டியது அந்த அத்தியாயத்தைத்தான்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. மணி நாலு.

"மேடம், ரெண்டாவது சாப்டர் நாளைக்குக் கார்த்தால பத்து மணிக்குள்ள."

"எதுக்கு சார்? யார் யார் படிப்பாங்க?"

"நான்தான் படிக்கப் போறேன். ஊருக்குப் போறேன், வழியில பாக்கலாம்னு."

"நாளைக்கு முடியாது சார். அரிசி ஊறணும்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"எத்தனை மணி நேரம் ஊறணும்?"

"நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும். வாசிச்சுக் காட்டி, அவ சொல்றதைத் திருத்தி, திங்கக்கிழமை தர்றேன்."

"சரி, திங்கக்கிழமையே கொடுங்கோ."

அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருடமாக எத்தனை பத்து மணி! எத்தனை நாள் ஆறிப்போன சாப்பாடு! "இவ்வளவு லேசா தள்ளிப் போடலாம்னா இத்தனை நாள் ஏன் சார் பத்து மணி, பத்து மணின்னு உயிரை வாங்கினீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க ஒரு தடவைகூட முடியாதுன்னு சொல்லலியே மேடம். உங்களுக்குச் சௌகரியம்னுதான் நெனச்சேன்."

சிரிக்காமல் என்ன செய்வது? பாதிக் கெடுக்கள் அவர் வைத்தவை. மீதிப் பாதியை என் வீம்பு வைத்திருந்தது. அதனால் பிள்ளைகளே, நாலு மணி ஃபோன் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கு? யார் படிப்பார்கள்? எப்போதுவரை தள்ளலாம்? கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும். உங்கள் மவுசு குறையாது. நான் கேட்காமல் சேர்த்த மவுசு அத்தனையும் ஒரு மத்தியானத்தில் தரையில் கிடந்தது.

இன்னும் ஒரு நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஆய்வேடு முடிந்தது. அதற்குள் இசக்கியும் மற்றவர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து, முறையாக அனுமதி வாங்கி, தரைத்தளத்தில் ஓர் அறையைப் பிடித்துவிட்டார்கள். நாலு கிரைண்டரும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மறுநாள் கடைசி நாள். பல்கலைக்கழகம் வைத்த நாள், யாராலும் தள்ள முடியாது. ஐந்து பிரதி அச்சாகி, பைண்டிங்குக்குப் போகத் தயாராக இருந்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் இசக்கிக்கு வாசித்துக் காட்டப் போயிருந்தேன்; அன்று அரைப்பதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் அவள் உளுந்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அந்த ஏணியப் பத்தி ஒரு வரிகூட இல்லியே அக்கா?"

"நீதானே இசக்கி..."

"அது அப்ப. இப்பத்தான் எறங்கியாச்சே. அம்புட்டு வருசம் ஏறி எறங்குனோம். கவுறு கட்டி மிஷினை எறக்குனோம். அது இல்லாம எங்க கதை என்ன கதை?" உளுந்துச் சுளகை ஓரமாக வைத்தாள். "அப்புறம் இந்த லட்சுமி யாரு?"

"நீதான்."

"எனக்கென்னத்துக்கு லட்சுமின்னு பேரு? எங்க குலசாமி பேரு அக்கா எனக்கு. இசக்கின்னே போடுங்க. எம் மவ நாளைக்குக் காலேஜுக்குப் போயி இதப் படிச்சான்னா அம்மைய அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?"

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அடக்கிக்கொள்ளவில்லை. அவளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். சாருக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்குக் கடைசி நாள் மேடம், நினைவிருக்கோன்னோ?" என்றவர், விஷயத்தைக் கேட்டதும், "போடுங்கோ. நான் பைண்டிங்காரனைப் பிடிச்சு வெக்கறேன்" என்றார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது இசக்கி பின்னாலேயே வந்தாள். இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் எங்கெல்லாம் லட்சுமி இருக்கிறாள், ஏணியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று என் மனம் அதற்குள் அடுக்க ஆரம்பித்திருந்தது. எதிர்க் கடைக் கடிகாரத்தில் மணி பார்த்தேன். நாலு ஆகப் பத்து நிமிடம்.

"திடீர்னு சொல்லிட்டேனே அக்கா, நாளைக்குள்ள மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"என்கிட்டயா கேக்கிற?" என்றேன். "நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள முடிச்சிருவேன்."